சிலிகான் இல்லாமல் முடி பட்டுப்போல் வழுக்குமா? பாட்டிலின் முதல் ஆறு பெயர்களைப் பாருங்கள்

எனக்கு வந்த கேள்வியைக் கேட்டவரின் குரலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிகான் வேண்டாம் என்று விட்டு நான்கு மாதம் ஆகிறது. அதற்குள் சிலிகான் இல்லாத கண்டிஷனர் மூன்று மாற்றியாயிற்று. ஒன்று முடியை எண்ணெய்ப் பிசுக்காக்கியது, ஒன்று போட்டதும் போடாததும் ஒன்றாக இருந்தது, மூன்றாவது குளிக்கும்போது நன்றாக வழுக்கிவிட்டுக் காய்ந்ததும் வைக்கோலாக நின்றது. மெலிந்த முடி, தோளைத் தாண்டிய நீளம், இரண்டு முறை கலரிங் செய்தது. பழைய வழவழப்பு திரும்பக் கிடைக்குமா, கிடைக்கும் என்றால் எதை வாங்குவது, பாதியில் நிற்கும் மூன்று பாட்டில்களை என்ன செய்வது?

கிடைக்கும். கண்டிஷனர் கலவை செய்யும் வேலை எனக்குப் பல வருடப் பழக்கம், அதனால் தயங்காமல் சொல்கிறேன். நீங்கள் மூன்று முறை ஏமாந்ததற்குக் காரணம், பாட்டிலில் என்ன இல்லை என்பதைப் பார்த்து வாங்கினீர்கள், என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணெய், பூ, விதை எதுவும் அந்த வழவழப்பைத் தருவதில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில், தண்ணீருக்கு அடுத்தபடியாக வரும் மூன்று நான்கு பெயர்கள்தான் தருகின்றன.

முதலில் முடியைப் பற்றி கொஞ்சம். ஓடு வேய்ந்த கூரையைப் போல, முடியின் மேல் மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஒரு முடியை விரல் நுனிகளுக்கு நடுவில் பிடித்து வேரிலிருந்து நுனிக்கு இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு இழுங்கள், லேசாக நரநரவென்று தடுக்கும். அந்தத் தடை செதில்களின் விளிம்பு. முளைத்த புதிதில் ஒவ்வொரு செதிலின் மேலும் ஒரு கொழுப்பு அமிலம் மெல்லிய படலமாக இறுகப் பிணைந்திருக்கும். 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்று பெயர். இயற்கையான பட்டு வழவழப்பு என்பது பெரும்பாலும் இதுதான். ப்ளீச்சும் நிரந்தரக் கலரிங்கும் இதைப் பிய்த்து எடுத்துவிடும், வெயிலும் சீப்பும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, எனவே முப்பது சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு வயது இரண்டரை. வேர்ப்பக்கம் எதுவும் செய்யாமலே பளபளப்பதும் நுனி மட்டும் சொரசொரப்பதும் இதனால்தான். போன படலம் தானாகத் திரும்பி வராது. அதன் வேலையைச் செய்ய வேறொன்றை மேலே படியவைக்கிறோம், கண்டிஷனர் என்பதே அதற்குத்தான்.

சிலிகான் அந்த வேலையை மிக நன்றாகச் செய்யும் பொருள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னதாகாது. டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் போன்றவை மெல்லிய படலமாகப் பரவி, முடிக்கும் முடிக்கும் நடுவே உராய்வைக் குறைக்கின்றன. அவை முடியை மூச்சடைக்க வைக்கும் என்பது சரியல்ல. முடி உயிரில்லாத இழை, அது மூச்சு விடுவதே இல்லை. பெரும்பாலான சிலிகான் சாதாரண ஷாம்பூவிலேயே கணிசமாகப் போய்விடும். சிலருடைய முடியில், முக்கியமாக மெலிந்த முடியில், அடுத்தடுத்துப் படிந்து கனமாகத் தொங்கவிடும், அது உண்மை. மென்மையான ஷாம்பூ மட்டும் போடுபவர்களுக்குப் படிவு கூடும், அதுவும் உண்மை. சுற்றுச்சூழல் காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் டி4, டி5 என்ற இரண்டு வளைய சிலிகான்களைக் கழுவிவிடும் பொருட்களில் 0.1 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கக்கூடாது என்று 2020 ஜனவரி 31 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. லேபிளில் சைக்ளோபென்டாசிலாக்ஸேன் என்று வருவது இந்த டி5தான். ஆக, விடுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன, பயப்படுவதற்குத்தான் காரணம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

முடியின் மேற்பரப்பு சாதாரணமாகத் தண்ணீரில் எதிர்மின் தன்மையோடு இருக்கும், அடிபட்ட முடியில் இன்னும் அதிகம். எனவே நேர்மின் தலை கொண்ட கொழுப்புச் சங்கிலி ஒன்றைத் தண்ணீரில் விட்டால், தலை முடியில் போய் ஒட்டிக்கொள்ளும், கொழுப்பு வால் வெளிப்பக்கம் நீட்டி நிற்கும். அந்த வால்கள் வரிசையாக நின்றால், போன கொழுப்புப் படலத்துக்கு மாற்றாக ஒன்று கிடைத்துவிடுகிறது. எங்கே அடி அதிகமோ அங்கே அதிகமாக ஒட்டும் என்பது இதில் ஒரு அழகு, நுனி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறது. சிலிகான் இல்லாத கண்டிஷனரின் உயிர் இந்தப் பொருள்தான்.

இதில் எந்தப் பெயர் என்பது ரொம்ப முக்கியம். செட்ரிமோனியம் குளோரைடின் வாலில் 16 கார்பன், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடில் 22 கார்பன். வால் நீளமாக இருந்தால் படலம் நன்றாக வழுக்கும், அலசும்போது சுலபமாகப் போகாது, காய்ந்த பிறகும் கையில் தெரியும். செட்ரிமோனியம் மட்டுமே இருக்கும் கண்டிஷனர் சிக்கெடுக்கும், நிலைமின்னை அடக்கும், ஆனால் பட்டு என்று சொல்லும் அளவுக்குப் போகாது. உங்கள் இரண்டாவது பாட்டில், போட்டதும் போடாததும் ஒன்றாக இருந்ததே, அதன் பின்பக்கத்தை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இதுதான் இருக்கும், அதுவும் பட்டியலில் கீழே எங்கோ இருக்கும். பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் என்பதும் நல்லதே. பெயரில் சல்ஃபேட் மாதிரி ஒலிப்பதால் பலர் பயந்து வைத்துவிடுகிறார்கள், ஷாம்பூவில் நுரை தரும் சல்ஃபேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டீயரமிடோப்ரொப்பைல் டைமெத்திலமைன் என்று ஒன்று வரும், நீளமான பெயர், ஆனால் மெலிந்த முடிக்கு மிகவும் பொருத்தமானது, கனமில்லாமல் வழுக்கும். அமிலம் சேர்ந்தால்தான் அது நேர்மின் தன்மை பெறும், அதனால் கூடவே லாக்டிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ இருக்கும். இயற்கைச் சான்றிதழ் வாங்கிய வகைகளில் டைஸ்டீயரோயில்எத்தில் டைமோனியம் குளோரைடு வரும், வேறு சிலவற்றில் பிராசிகமிடோப்ரொப்பைல் டைமெத்திலமைன் வரும், அவையும் வேலை செய்பவையே.

இந்த நேர்மின் பொருள் தனியாக நிற்காது, துணை வேண்டும். அந்தத் துணை கொழுப்பு ஆல்கஹால்: சீட்டரில் ஆல்கஹால், செட்டைல் ஆல்கஹால், ஸ்டீயரில் ஆல்கஹால், பெஹெனைல் ஆல்கஹால். ஆல்கஹால் என்ற சொல்லைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், ஸ்பிரிட் போல உலர்த்தும் ஆல்கஹால் வேறு, மெழுகு போன்ற இது வேறு. கலக்கும்போது பார்த்தால் இரண்டுக்கும் உள்ள உறவு கண்ணுக்கே தெரியும். வெள்ளை மெழுகுக் குருணைகளாகச் சீட்டரில் ஆல்கஹாலும் பெஹென்ட்ரைமோனியமும் இருக்கும், இரண்டையும் பீக்கரில் போட்டு 75 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தெளிந்த எண்ணெயாக உருகும். அதே சூட்டில் இருக்கும் தண்ணீரை ஊற்றிக் கலக்கினால் பால் போல வெளுக்கும், அந்த நேரத்தில் அது மோர் மாதிரி நீர்க்கத்தான் இருக்கும். அப்புறம் ஆற ஆறக் கரண்டி கனக்கத் தொடங்கும். நாற்பது டிகிரிக்கு வரும்போது கரண்டியைத் தூக்கினால் பட்டையாக மடிந்து விழும், மேலே முத்துப் பளபளப்பு ஓடும். தண்ணீரும் கொழுப்பும் அடுக்கடுக்காக அமைந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த அடுக்குகள் அப்படியே முடியில் படிவதைத்தான் நாம் வழுக்கல் என்கிறோம். பொதுவாக நூற்றுக்கு மூன்றிலிருந்து ஆறு பங்கு கொழுப்பு ஆல்கஹாலும், ஒன்றிலிருந்து மூன்று பங்கு நேர்மின் பொருளும் இருந்தால் நல்ல கண்டிஷனர் கிடைக்கும்.

இதே கெட்டித்தன்மையைக் குறைந்த செலவில் சாந்தன் கோந்து, ஹைட்ராக்ஸிஎத்தில்செல்லுலோஸ் மாதிரிப் பொருட்களைப் போட்டும் வரவழைக்கலாம். பாட்டிலிலிருந்து வரும்போது கெட்டியாக, செழிப்பாக இருக்கும். ஈரத்தில் கொழகொழவென்று வழுக்கும். அலசிக் காய்ந்தால் முடியில் மிஞ்சியிருப்பது சொற்பம். உங்கள் மூன்றாவது பாட்டிலின் கதை இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈரத்தில் வழுக்குவதும் காய்ந்தபின் வழுக்குவதும் இரண்டு வேறு விஷயங்கள். குளிக்கும்போது கையில் தெரிவதை வைத்து ஒரு கண்டிஷனரை மெச்சவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

சரி, லேபிளை எப்படிப் படிப்பது? சேர்மானங்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்குவரிசையில் இருக்கும், ஆனால் ஒரு சதவீதத்துக்குக் கீழே போனவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே இருக்கிறது என்று ஊகிக்க ஒரு வழி உண்டு. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பிய விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது. பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால், அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் பெரும்பாலும் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான். முன்பக்கத்தில் படம் போட்டு விளம்பரப்படுத்திய அரிய எண்ணெய் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தால், அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். நான் பார்ப்பது முதல் ஆறு பெயர்கள்: தண்ணீர், ஒரு கொழுப்பு ஆல்கஹால், மேலே சொன்ன நீண்ட வால் பொருட்களில் ஒன்று, அப்புறம் ஒரு மெல்லிய எண்ணெய் வகை. இந்த நான்கும் அந்த ஆறுக்குள் இருந்தால் வாங்கிப் பார்க்கலாம்.

அந்த மெல்லிய எண்ணெய் வகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிலிகானின் தனிக் குணம் அது எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் வழுக்குவது. அதற்குக் கிட்டத்தட்ட வரும் பொருட்கள் இப்போது நிறைய வந்துவிட்டன: டைகாப்ரிலில் கார்பனேட், கோகோ-காப்ரிலேட், ஐசோஅமைல் லாரேட், அப்புறம் ஹெமிஸ்குவாலேன், இது லேபிளில் சி13-15 ஆல்கேன் என்று வரும். கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால் உள்ளங்கை முழுக்கப் பரவி, கொஞ்ச நேரத்தில் எண்ணெய் என்ற நினைப்பே இல்லாமல் மிருதுவாக நிற்கும். இயற்கை எண்ணெய்களில் ப்ரோக்கோலி விதை எண்ணெய் இந்த வழுக்கலுக்குப் பெயர் பெற்றது. அதில் எரூசிக் அமிலம் என்ற 22 கார்பன் கொழுப்பு அமிலம் நிறைய இருக்கிறது. விளக்கெண்ணெய், ஷியா வெண்ணெய் எல்லாம் தடித்த, சுருண்ட முடிக்கு நன்றாகப் பொருந்தும். உங்கள் மெலிந்த முடியில் முதல் ஆறு பெயர்களுக்குள் அவை வந்தால் பிசுக்குத்தான் மிஞ்சும், முதல் பாட்டில் அப்படித்தான் போயிருக்கும்.

தேங்காய் எண்ணெய் தனி வகை. அதிலுள்ள லாரிக் அமிலக் கொழுப்பு மூலக்கூறுகள் சிறியவை, நேரானவை, அதனால் முடிக்குள்ளேயே நுழைகின்றன. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் மினரல் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆனால் அது கழுவுவதற்கு முன் பூசும்போது செய்யும் வேலை. கண்டிஷனரில் இரண்டு சொட்டு இருப்பதால் பட்டு வராது, இதை அதோடு குழப்ப வேண்டாம்.

புரதம் பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ரோலைஸ்டு கோதுமைப் புரதம், கெரட்டின், பட்டுப் புரதம் என்று பெயரில் பட்டு இருந்தாலும் தொடுகையில் பட்டு தருவது அவற்றின் வேலை இல்லை. அவை முடிக்குத் திடம் கொடுக்கும், கொஞ்சம் விறைப்பும் கொடுக்கும். கலரிங் செய்த மெலிந்த முடிக்குச் சிறிதளவு நல்லது, பட்டியலில் கீழே இருக்கட்டும். பாந்தெனால் என்ற ஈரப்பதம் காக்கும் பொருள் இருந்தால் நல்லதே.

சிலிகான் இல்லை என்று உறுதிப்படுத்த, கோன், கோனால், சிலாக்ஸேன் என்று முடியும் பெயர்களைத் தேடினால் பெரும்பாலும் போதும். சிலிகான் குவாட்டர்னியம் என்றும் ஒன்று வரும். ஆனால் பாலிகுவாட்டர்னியம்-10, பாலிகுவாட்டர்னியம்-7 எல்லாம் சிலிகான் இல்லை. சிலிக்காவும் சிலிகான் இல்லை, அது மணலின் உறவு. இந்தக் குழப்பத்தில் நல்ல பாட்டிலைத் திருப்பி வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கண்டிஷனர் மேல் பழி போடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் எதிர்மின் தன்மையுள்ள அதே இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும், கலரிங் செய்த முடி அவற்றை இன்னும் அதிகமாக இழுக்கும். குழாய் முனையில் வெள்ளைப் படிவு கட்டினால், ஷாம்பூ சரியாக நுரைக்காவிட்டால், முடி கழுவிய உடனேயே மாவு பூசியது போல இருந்தால், சந்தேகமே வேண்டாம். அந்தக் கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் டைசோடியம் ஈடிடிஏ, சோடியம் ஃபைட்டேட், டெட்ராசோடியம் குளூட்டமேட் டைஅசிட்டேட் போன்ற ஒன்று நல்ல அளவில் இருக்கும், படிவு நீக்கும் ஷாம்பூவை ஒரு தடவை போட்டுவிட்டு, அப்புறம் கண்டிஷனரைச் சோதியுங்கள். பழைய சிலிகான் ஏதாவது மிச்சமிருந்தாலும் அதோடு போய்விடும். அதற்குப் பிறகு முதல் நாள் முடி நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மோசமாகத் தெரியலாம். அது புதிதாக ஏற்பட்ட சேதம் இல்லை, இத்தனை நாள் மூடியிருந்தது வெளியே தெரிகிறது.

போடும் முறை பாதி வேலை. சிலிகான் கண்டிஷனர் அவசரமாகத் தடவி அலசினாலும் ஏதாவது செய்துவிடும், இது அப்படி இல்லை. ஷாம்பூவை அலசியதும் முடியைக் கையால் பிழிந்து தண்ணீரை இறக்குங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் கண்டிஷனர் நீர்த்துப்போய் பாதி தரையில் போகும். உச்சந்தலையை விட்டுவிட்டு, காதுக்குக் கீழிருந்து நுனி வரை, கொத்துக் கொத்தாகப் பிரித்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நீவிவிடுங்கள். கண்டிஷனர் முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள். ஈர முடி வலுக்குறைவானது, வழுக்கல் இருக்கும் அந்த நேரத்தில் சீவுவதுதான் பத்திரம். இரண்டு மூன்று நிமிடம் போதும். அலசும்போது கீச்சென்று சத்தம் வரும் வரை அலசாதீர்கள், விரலில் லேசான வழுக்கல் மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். துண்டால் பரபரவென்று தேய்த்தால் செய்ததெல்லாம் வீண், பழைய பருத்தி பனியன் துணியால் ஒற்றி எடுங்கள்.

இரண்டு கண்டிஷனருக்கு நடுவில் எது என்று குழம்பினால் ஒரே நாளில் தீர்த்துவிடலாம். நடுவகிடு எடுத்து, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் இன்னொன்று, ஒரே அளவு, ஒரே நேரம். முழுக்கக் காய்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்க நுனியையும் விரலால் நீவிப் பாருங்கள், முன்பு சொன்ன மாதிரி நுனியிலிருந்து வேருக்கும் ஒரு முடியை இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நரநரப்பு குறைவோ அது உங்களுடையது. ஆய்வுக்கூடத்தில் முடிக்கற்றையை வைத்து நாங்கள் செய்வதும் அடிப்படையில் இதேதான்.

எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பிராண்டு பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு கலவை விற்கிறார்கள், பாட்டிலின் நிறம் மாறாமல் உள்ளே இருப்பதை மாற்றுகிறார்கள். இன்று நான் சொல்லும் பெயர் உங்கள் கைக்கு வரும்போது வேறாக இருக்கலாம். பட்டியலைப் படிக்கத் தெரிந்தால் எந்தப் பாட்டிலையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். பலமுறை ப்ளீச் செய்து பஞ்சாகிப்போன முடி, தினமும் சூடான இஸ்திரிக் கருவி பார்க்கும் முடி என்றால், சிலிகான் தரும் அளவு வழவழப்பை இவை எட்டுவது கஷ்டம். உங்களுடையது அந்த நிலையில் இல்லை, இரண்டு கலரிங் என்பது மீட்கக்கூடியதுதான். சூட்டுக்கருவி பயன்படுத்தினால் வெப்பத்தைக் குறைத்து வையுங்கள், நுனிப்பிளவு இருந்தால் வெட்டிவிடுங்கள், எந்தக் கண்டிஷனரும் அதை ஒட்டாது.

மீதியிருக்கும் மூன்று பாட்டில்களைக் கொட்ட வேண்டாம். பிசுக்கான முதல் பாட்டிலை ஷாம்பூவுக்கு முன்னால், நனைத்த முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் பூசிப் பத்து நிமிடம் வைத்து, மேலே ஷாம்பூ போடுங்கள். ஷாம்பூ நுனியை உலர்த்துவதை அது தடுக்கும், பிசுக்கும் அதிலேயே போய்விடும். கொழகொழப்பான மூன்றாவது சிக்கெடுக்க நன்றாக உதவும், அதைப் போட்டுச் சீவி அலசிவிட்டு, புதிதாக வாங்கியதைப் பிறகு போடுங்கள். இரண்டாவது பாட்டிலில் செட்ரிமோனியம் முதல் ஆறுக்குள் இருந்தால், அவசரமாகக் குளிக்கும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிடத்தில் அலசிவிடலாம்.